தாயுமானவர் ஊரில் மூன்று தலைமுறை

கரை புரண்டு ஓடிய காவிரியின் ஒரு கரையில் ஒரு தாய் நின்றாள். மறு கரையில், மலையடிவாரத்தில் இருந்த வீட்டில், அவளுடைய மகள் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். பூம்புகாரிலிருந்து மூட்டை முடிச்சுகளோடு புறப்பட்டு வந்த தாய்க்கு, வெள்ளம் வடியும்வரை கரையிலேயே காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மகள் ரத்னாவதியோ, மலைமீது உறையும் செவ்வந்திநாதரை நோக்கிக் கதறினாள். கதவு திறந்தது. அம்மா உள்ளே வந்தாள். பிரசவம் பார்த்தாள்; குழந்தையைக் குளிப்பாட்டினாள்; மகளுக்குப் பத்தியம் சமைத்துப் போட்டாள். சில நாள் கழித்து வெள்ளம் வடிந்தது. உண்மையான தாய் பதறியபடி வந்து சேர்ந்தபோது, வீட்டில் தன்னைப் போலவே இன்னொருத்தி இருக்கக் கண்டு திகைத்தாள். அந்த இன்னொருத்தி மறைந்தாள். வந்தவர் ஈசனே என்று இருவரும் உணர்ந்தார்கள். அன்று முதல் செவ்வந்திநாதருக்குத் தாயுமானவர் என்ற திருநாமம் நிலைத்தது என்கிறது தலபுராணம்.

திருச்சிராப்பள்ளிக்குக் குடும்பத்தோடு செல்பவர்கள் இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது. அவ்வூரின் மற்ற தலங்களுக்கெல்லாம் இதுவே திறவுகோல். காவிரியும் கொள்ளிடமும் பிரித்துவைத்த மூன்று கரைகளில் அமைந்தது அந்தத் திருத்தலக் கூட்டம். தென்கரையில் மலைக்கோட்டையும் உறையூரும். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே தீவாகத் திருவரங்கமும் திருவானைக்காவும். கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரம். எங்கு சென்றாலும் தாயும் பிள்ளையும், கணவனும் மனைவியும், அண்ணனும் தங்கையுமாகத் தெய்வங்கள் உறவு கொண்டாடுகின்றன. உறவைக் காணத் தெய்வங்களே ஆற்றைக் கடக்கின்றன.

மலையடியும் மலையுச்சியும்

மலைக்கோட்டைக்கு விடியற்காலையில் செல்வதே உகந்தது. வெயில் ஏறிவிட்டால் கல் சுடும், மூச்சும் வாங்கும். பெரிய கடைவீதியின் சந்தடிக்கு நடுவே, அடிவாரத்தில் மாணிக்க விநாயகர் வீற்றிருக்கிறார். அவரை வணங்கிவிட்டுப் படியேறத் தொடங்க வேண்டும். உச்சிப் பிள்ளையார் சந்நிதி வரை 400-க்கும் மேற்பட்ட படிகள். பெரும்பகுதி மலையைக் குடைந்து அமைத்த மூடிய வழி என்பதால் நிழல் உண்டு. பாதி வழியில் தாயுமானவர் சந்நிதி. அருகிலேயே மட்டுவார்குழலம்மை. சம்பந்தரும் அப்பரும் பதிகம் பாடிய தலம் இது. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயில் மேலே செல்லும் வழியில் இருக்கிறது.

தாயுமானவருக்கு வாழைத்தார் சமர்ப்பிப்பது இங்கே பிரசித்தம். பிள்ளைப்பேறு வேண்டியும், சுகப்பிரசவம் வேண்டியும், நல்லபடியாகப் பிறந்த குழந்தையோடு நேர்த்திக்கடன் செலுத்தவும் குடும்பங்கள் தார் சுமந்து ஏறுகின்றன. சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற வைபவம் நடைபெறுகிறது. இறைவன் தாயாக வந்து மருத்துவம் பார்த்த கதையை அன்று கண்முன் நிகழ்த்திக் காட்டுவார்கள். கருவுற்ற மகளை அழைத்து வந்து இந்த வைபவத்தைக் காண்பிக்கும் தாய்மார்கள் பலர்.

உச்சிப் பிள்ளையாருக்கும் அக்கரையில் பள்ளிகொண்ட அரங்கனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இராமபிரான் கொடுத்த விமானத்தை இலங்கைக்கு எடுத்துச் சென்ற விபீடணன், வழியில் காவிரியில் நீராட விரும்பினான். தரையில் வைக்கக் கூடாத அந்த விமானத்தை, எதிர்ப்பட்ட ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டு ஆற்றில் இறங்கினான். சிறுவனாக வந்த விநாயகரோ அதைத் தரையில் வைத்துவிட்டு மலையுச்சிக்கு ஓடிவிட்டார். துரத்தி வந்த விபீடணன் பிள்ளையின் நெற்றியில் குட்டினானாம். பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே ஏறினால், படிகளின் எண்ணிக்கை அவர்களுக்குத் தெரியாது. உச்சியில் நின்றால் காவிரியின் மணலும் நீரும், அப்பால் தென்னையும் வாழையும், அவற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் அரங்கனின் கோபுரங்களும் ஒரே பார்வையில் தென்படும்.

முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் என்ன செய்வது? பல குடும்பங்களில் இந்த இடத்தில்தான் சங்கடம் எழுகிறது. "நீங்கள் போய் வாருங்கள், நான் கீழே இருக்கிறேன்" என்று பாட்டி மாணிக்க விநாயகர் சந்நிதியில் அமர்ந்துவிடுவார். மற்றவர்கள் மேலே செல்வார்கள். அப்படிக் கீழே அமர்ந்தவர் தம்மைக் குறைவுபட்டவராக எண்ண வேண்டியதில்லை. வர இயலாத தாயின் பொருட்டுத் தானே இறங்கி வந்தவர் அந்த மலைமேல் இருப்பவர். கீழிருந்து கூப்பும் கை அவருக்குத் தெரியும். ஆயினும் மேலே சென்று வந்தவர்களுக்கு ஒரு கடமை உண்டு. பிரசாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு அவசரப்படுத்தாமல், கண்டதை எல்லாம் அவரிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

காவிரித் தாய்க்குச் சீர்

மலையிலிருந்து இறங்கிக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவரங்கத் தீவு. மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் வரை செல்லும் 1-ஆம் எண் நகரப் பேருந்து, தலைமுறை தலைமுறையாக யாத்திரிகர்களைச் சுமந்து வருகிறது. தீவின் தென்கரையில் அம்மா மண்டபம் படித்துறை. அதிகாலையில் ஈர வேட்டியோடு சங்கல்பம் செய்துகொள்பவர்கள், முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்கள், ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு வருபவர்கள் என்று இந்தப் படித்துறை ஓய்ந்ததே இல்லை.

ஆடிப்பெருக்கன்று இந்தப் படித்துறையைக் காணக் கண் கோடி வேண்டும். ஆடி மாதத்துக் காவிரியைச் சூல் கொண்ட பெண்ணாகவே மக்கள் கருதுகிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வாய்க்கு ருசியாகக் கொடுப்பது போலச் சர்க்கரைப் பொங்கலும் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் படைக்கிறார்கள். காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, பூ எல்லாம் நீரில் சேர்கின்றன. மூத்த சுமங்கலிகள் இளையவர்களின் கழுத்தில் மஞ்சள் சரடு கட்டி வாழ்த்துகிறார்கள். ஆடிப்பெருக்கை ஒட்டி நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரித் தாய்க்குப் பட்டும் மாலையும் மங்கலப் பொருள்களும் சீராக வழங்குகிறார். பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சீர் எத்தனை அவசியம் என்பதை உணர்ந்தவர்கள், அந்தக் காட்சியைக் கண்டு கண் கலங்குவார்கள்.

நீர் குறைந்த கோடைக்காலத்தில் சென்றால், மணலுக்கு நடுவே சிறு ஓடையாக ஆறு நெளிவதைக் காண நேரும். அப்போதும் பெரியவர்கள் ஒரு கை நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளத் தவறுவதில்லை. தாய் மெலிந்துவிட்டால் தாயாக இல்லாமல் போய்விடுவாளா?

கண் தெரியாத முதியவர் காட்டிய பெருமாள்

108 திவ்ய தேசங்களில் முதலாவதாகப் போற்றப்படும் திருவரங்கம், ஏறத்தாழ 156 ஏக்கர் பரப்பில், ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களுமாக விரிந்து கிடக்கிறது. 236 அடி உயரமுள்ள தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடித்தளத்தோடு நின்றுபோயிருந்தது. அகோபில மடத்தின் 44-ஆவது பட்டம் அழகியசிங்கரின் பெருமுயற்சியால் 1987-இல் அது நிறைவு பெற்றது. வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. உத்திர வீதியும் சித்திரை வீதியும் கோயிலின் மதில்களுக்குள்ளேயே அடங்கியவை. பெருமாளோடு ஒரே வளாகத்தில் குடித்தனம் நடத்தும் பேறு அவ்வூராருக்கு.

உள்ளே நடக்க வேண்டிய தொலைவு அதிகம். முதியவர்களுக்குப் பேட்டரி வண்டி வசதி உண்டு; அதைப் பயன்படுத்திக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். தெற்கே இலங்கையை நோக்கியபடி பள்ளிகொண்ட பெரிய பெருமாளைச் சேவித்து, உடையவர் சந்நிதியில் இராமாநுசரை வணங்கி, தன்வந்திரி சந்நிதியில் உடல்நலம் வேண்டிக்கொண்டு, தாயார் சந்நிதிக்குச் செல்லலாம். வழியில் 'ஐந்து குழி மூன்று வாசல்' என்ற இடம் இருக்கிறது. தரையில் உள்ள ஐந்து குழிகளில் விரல்களை வைத்து, குனிந்து பரமபத வாசலைப் பார்க்கப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். பெருமாளின் வரவைத் தாயார் இப்படித்தான் பார்த்துக் காத்திருந்தாள் என்பது ஐதிகம். ஐந்தும் மூன்றும் அர்த்த பஞ்சகத்தையும் தத்துவத் திரயத்தையும் குறிப்பவை என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். விளையாட்டாகத் தொடங்கிய பிள்ளை, பின்னாளில் அதன் பொருளைக் கேட்கும் வயதை அடையும்.

மூத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு வரலாறும் இங்கே இருக்கிறது. 1323-இல் அந்நியப் படையெடுப்பின்போது, உற்சவரான அழகிய மணவாளனைக் காக்க அடியார்கள் அவரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். முதுமையின் எல்லையில் இருந்த பிள்ளை உலகாசிரியரும் உடன் சென்றார். வழியில் ஜோதிஷ்குடி என்ற இடத்தில் அவர் பரமபதம் எய்தினார். பெருமாள் மலையாள நாடு, கன்னட நாடு, திருமலை என்று பல இடங்களில் தங்கினார். 1371-இல்தான் திருவரங்கம் திரும்பினார். இடையே ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதற்குள் வேறோர் உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணியிருந்தார்கள். பழைய பெருமாளைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. வந்தவர்தாம் முன்பு இருந்தவர் என்று எப்படி அறிவது?

அப்போது ஊரில் மிகவும் வயது முதிர்ந்த சலவைத் தொழிலாளி ஒருவர் இருந்தார். பெருமாளின் ஆடைகளைத் துவைத்துக் கைங்கரியம் செய்தவர். பார்வை போய்விட்டது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர ஆடைகளின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். அதன் மணத்தைக் கொண்டே, இவர்தாம் நம்பெருமாள் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தத் திருநாமமே இன்றளவும் வழங்குகிறது.

பண்டிதர்களாலும் அதிகாரிகளாலும் தீர்க்க முடியாத ஐயத்தைத் தீர்த்தது, ஒரு முதியவரின் நினைவு. அவர் இன்னும் சில ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தால், அந்த மணமும் அவரோடு போயிருக்கும். எந்தச் சந்நிதியில் எந்த வேண்டுதல் நிறைவேறியது, தாத்தா எந்தத் தூணருகே நின்று சேவித்தார், குலதெய்வத்துக்கு எந்த மாதம் மாவிளக்கு என்பவற்றை எல்லாம் அறிந்தவர் வீட்டுக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதை வேறு எவரிடமும் கேட்டுப் பெற முடியாது.

தாயைக் குளிர்விக்கும் பிள்ளை

திருவரங்கத்துக்கு அருகிலேயே திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களுள் அப்புத் தலம் இது. அன்னை அகிலாண்டேசுவரி, காவிரி நீரைத் திரட்டி இலிங்கமாக்கி வழிபட்ட இடம். ஜம்புகேசுவரரின் கருவறை தாழ்ந்திருக்கிறது. அங்கே எப்போதும் நீர் ஊறிக்கொண்டிருக்கும். ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் வழியே இறைவனைத் தரிசிப்பது இங்குள்ள சிறப்பு.

இக்கோயிலுக்கு உச்சிக்கால வேளையை ஒட்டிச் செல்வது நலம். அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் அணிந்து, அம்பிகையாகவே பாவனை கொண்டு, மேளதாளத்தோடு சுவாமி சந்நிதிக்கு வந்து பூஜை செய்கிறார்; கோபூஜையும் நடைபெறுகிறது. அம்பிகை மாணவியாக இருந்து உபதேசம் பெற்ற தலம் என்பதால் இங்கே திருக்கல்யாண வைபவம் இல்லை.

அன்னையின் எதிரே விநாயகர் அமர்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் உக்கிரமாக இருந்த அம்பிகையைச் சாந்தப்படுத்த, ஆதிசங்கரர் அவளுடைய உக்கிரத்தைத் தாடங்கங்களில் அடக்கிக் காதில் அணிவித்து, எதிரே பிள்ளையைப் பிரதிஷ்டை செய்தார் என்பது வரலாறு. காஞ்சி மகா பெரியவர் 1923-இல் இங்கே தாடங்கப் பிரதிஷ்டை செய்வித்தார். எத்தனை கோபமாக இருந்தாலும் பிள்ளையின் முகத்தைக் கண்டால் தாய் குளிர்ந்துவிடுவாள் என்பதைச் சங்கரர் அறிந்திருந்தார். வீட்டில் மனத்தாங்கலோடு இருக்கும் பெற்றோரின் எதிரே மகனோ மகளோ வந்து அமர்ந்தாலே போதும் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

இத்தலத்தில் யானையோடு பகை கொண்டு, இறைவனுக்கு வலை பின்னிய சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. உரிய நேரத்தில் குழந்தை பிறக்க வேண்டும் என்பதற்காக அவன் தாய் கமலவதி தன்னைத் தலைகீழாகக் கட்டச் செய்து பிரசவத்தைத் தாமதித்தாள். காத்திருந்ததால் சிவந்த கண்களோடு பிள்ளை பிறந்தது. அவனை ஒருமுறை ஆசையோடு பெயர் சொல்லி அழைத்துவிட்டு அவள் உயிர் நீத்தாள். அந்தப் பிள்ளை கட்டிய மாடக்கோயில்களில் யானை ஏற முடியாது. ஒரு தாயின் தியாகத்தால் பிறந்த மன்னன் சோழ நாடெங்கும் சிவாலயங்கள் எழுப்பினான்.

ஆறு கடக்கும் தெய்வங்கள்

இரண்டாம் நாள் காலை உறையூருக்குச் செல்லலாம். பழைய சோழர் தலைநகர். திருப்பாணாழ்வார் அவதரித்த ஊர். சோழ மன்னனின் மகளாக வளர்ந்து அரங்கனை மணந்த கமலவல்லி நாச்சியார் இங்கே எழுந்தருளியிருக்கிறாள். பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு வந்து அவளோடு சேர்த்தி சேவை சாதிக்கிறார். திரும்பிச் சென்றபின் பங்குனி உத்திரத்தன்று பெரிய பிராட்டியார் கோபித்துக் கதவை அடைப்பதும், நம்மாழ்வார் சமாதானம் செய்துவைப்பதும், அதன் பின் சேர்த்தி நடைபெறுவதும் ஆண்டுதோறும் காணும் இனிய ஊடல். படிதாண்டாப் பத்தினியான தாயாரோடு பெருமாள் ஒரே ஆசனத்தில் அமரும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான்.

அதே உறையூரில் வெக்காளியம்மனின் கருவறைக்கு விமானம் இல்லை. வெயிலும் மழையும் அவள் திருமேனிமீதே விழும். மண்மாரியால் வீடிழந்த மக்கள் அனைவருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்குக் கூரை வேண்டாம் என்று அவள் இருப்பதாக ஐதிகம். பிள்ளைகள் உண்ணும்வரை உண்ணாத தாய்மார்களை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

வடக்கே சமயபுரத்தில் மாரியம்மன் பக்தர்களுக்காகத் தானே நோன்பு இருக்கிறாள். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள்கள் பச்சைப் பட்டினி. சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டுமே. தைப்பூசத்தில் அவள் கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும்போது, அண்ணன் அரங்கநாதரிடமிருந்து தங்கைக்குச் சீர்வரிசை வருகிறது. சைவம், வைணவம் என்ற பிரிவெல்லாம் அந்தத் தாம்பூலத் தட்டின் முன் காணாமல் போகிறது.

மாலையில் பிள்ளைகளை முக்கொம்புக்கோ கல்லணைக்கோ அழைத்துச் செல்லலாம். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கே ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது 1836-இல். கிழக்கே, தீவு முடியும் இடத்தில், காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்தில் விழுந்து வீணாகாமல் தடுத்துச் சோழ வளநாட்டுக்குத் திருப்பிவிடுவது கரிகாலன் கட்டிய கல்லணை. அரங்கனைத் தாங்கும் தீவு இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே அமைந்திருக்கிறது என்று காட்டினால், வரைபடத்தில் பார்த்த கோடுகள் பிள்ளைகளுக்கு உயிர் பெறும். மணலில் விளையாட விடலாம்; ஆனால் ஆழம் தெரியாத நீரில் இறங்க விடக் கூடாது.

வெள்ளம் வடியும்வரை

இத்தலங்களை எல்லாம் இரண்டு நாளில் நிதானமாகத் தரிசிக்கலாம். முதல் நாள் விடியலில் மலைக்கோட்டை, உச்சிக்காலத்துக்கு ஆனைக்கா, பிற்பகல் ஓய்வு, மாலையில் திருவரங்கம். மறுநாள் அதிகாலையில் அம்மா மண்டபத்தில் நீராடி, உறையூரும் சமயபுரமும் தரிசித்து, மாலையில் ஆற்றங்கரை. நண்பகலில் பெரும்பாலான சந்நிதிகளில் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருந்தும் குடிநீரும் கையோடு இருக்கட்டும்.

பல வீடுகளில் இந்த யாத்திரை தள்ளிக்கொண்டே போகிறது. மகனுக்கு விடுமுறை இல்லை, மருமகளுக்கு அலுவலகம், பேரனுக்குத் தேர்வு. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். பெரியவர்களும், அவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வாய் திறப்பதில்லை. காவிரி வெள்ளம் சில நாளில் வடிந்தது. ஆண்டுக் கணக்கில் வடியாத வெள்ளங்களும் உண்டு. தாயும் மகளும் கடல்கள் தாண்டி வாழும் காலம் இது. அங்கே பிரசவமானால் இங்கிருக்கும் தாய் விசாவுக்காகக் காத்திருக்கிறாள். இங்கே தாய் நோயுற்றால் அங்கிருக்கும் மகள் விமானத்துக்காகக் காத்திருக்கிறாள். அப்படிப்பட்டவர்களுக்குத் தாயுமானவர் துணை இருக்கிறார், அதில் ஐயமில்லை.

ஆனால் கதையில் அந்தத் தாய் திரும்பிப் போய்விடவில்லை. மகளை இறைவன் பார்த்துக்கொள்வான் என்று கரையிலிருந்தே ஊருக்குப் புறப்பட்டுவிடவும் இல்லை. வெள்ளம் வடிந்த உடனே ஆற்றைக் கடந்து ஓடி வந்தாள். அவள் வந்து நின்ற பிறகுதான் இறைவன் தம்மை வெளிப்படுத்தினார். வர முடியாதவர்களுக்காக அவர் வருகிறார். வர முடிந்தவர்கள் வந்து சேரும்போது, இடத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு மறைகிறார்.

அம்மா இன்னும் நடக்கிறார், அப்பாவுக்கு இன்னும் நினைவு தெளிவாக இருக்கிறது என்றால், அந்த வீட்டுக்கு வெள்ளம் வடிந்துவிட்டது என்று பொருள். இந்தப் பங்குனியிலோ, வரும் ஆடியிலோ, மூன்று தலைமுறையும் ஒன்றாகக் காவிரிப் பாலத்தைக் கடக்கட்டும். தாயுமானவர் திருவருள் துணை நிற்கும்.